கேம்ப் டிவி இன்னும் ஓடுகிறது

டெல்லி ஏர்போர்ட்டில் இறங்க வேண்டிய விமானம் ஒன்று இறங்காமல் ஊருக்கு மேலே ஒரு ராத்திரி முழுக்க வட்டமடித்ததற்குத் தான்தான் காரணம் என்று அப்பாவு சொல்வார். விமானியின் கண்ணாடியில் கேம்ப் டிவியின் வெள்ளிக்கிழமை அம்மன் படம் தெரிந்துவிட்டதாம். ஆள் பஞ்சாபி, தமிழில் ஓர் எழுத்து தெரியாது. இருந்தாலும் அம்மன் சூலத்தைத் தூக்கி வில்லனின் நெஞ்சில் இறக்குகிற வரைக்கும் தன் வண்டியை இறக்க மனசு வரவில்லையாம். எண்ணெய் தீரப்போகிறது என்று கீழேயிருந்து கத்தியதற்கு, "இருய்யா, கிளைமாக்ஸ்" என்று வானத்திலிருந்து பதில் வந்ததாம்.

"நம்புறியா இல்லியா?" என்று முடிப்பார்.

"போய்யா, புளுகு மூட்ட" என்பாள் ராஜாத்தி. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த ஒரு பதிலைத்தான் அவள் சொல்லிவந்தாள். கேம்ப்பில் மற்ற எல்லோரும் அப்பாவு சொன்னதைப் பாதியாவது நம்பினார்கள். மீதிப் பாதிக்குச் சிரித்தார்கள். கட்டினவள் மட்டும் அதுநாள்வரை ஒரு தடவைகூட ஒத்துக்கொண்டதில்லை.

ஆனால் அந்த ஜனவரிச் சாயங்காலம் அவர் சொன்னது விமானத்தைவிடப் பெரிய புளுகு. ஜங்புராவில் மூன்று கோட்டிகளில், பணக்கார பங்களாக்களில், பாத்திரம் தேய்த்து, தரை துடைத்து, பஸ் மாறிப் பஸ் மாறி நரேலாவுக்கு வந்து, பனிமூட்டத்தில் எந்தக் கட்டடம் தன் கட்டடம் என்று தடவித் தடவிக் கண்டுபிடித்து, முழங்காலைக் கையால் தூக்கி வைத்து நாலாவது மாடி ஏறிவந்து கதவைத் தள்ளியவளிடம், போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி அவர் சொன்னார்:

"நம்ம சேனல் வருது புள்ள."

"எங்க வருது?"

"டிவில. ஒயர் இல்ல, டப்பா இல்ல, கரண்டே இல்ல. தானா வருது."

கரண்ட் இல்லை என்பது உண்மை. மத்தியானமே போயிருந்தது. ராஜாத்தி செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்தாள். அப்போதுதான் அந்த வாசனை. புதுச் சுண்ணாம்பும் ஈரச் சிமெண்டும் தவிர வேறெதுவும் மணக்காத அந்த வீட்டில், எருமைச் சாணம் போல, அழுகின முட்டைக்கோஸ் போல, துவைத்த சோப்புத் தண்ணீர் போல, எல்லாம் கலந்த ஒரு நெடி. முப்பது வருஷம் மூக்கில் குடியிருந்த நெடி. கேம்ப்பை ஒட்டி ஓடும் பாராபுல்லா நாலாவின், அந்தச் சாக்கடையின் நெடி. நாலா இங்கிருந்து பல பஸ் மாறுகிற தூரத்தில் இருக்கிறது என்று அவளுடைய முழங்கால்கள் சாட்சி சொல்லும்.

"இன்னாய்யா நாத்தம் இது?"

"அதுவும் சேனல்லருந்துதான் வருது" என்றார் அப்பாவு, பெருமையாக.

கேம்ப் டிவியின் சரித்திரத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். அப்பாவு சொன்னால் விடிந்துவிடும். மதராசி கேம்ப் என்பது ரயில் தண்டவாளத்துக்கும் சாக்கடைக்கும் நடுவே, கள்ளக்குறிச்சியையும் சேலத்தையும் விழுப்புரத்தையும் பிழிந்து நட்டுவைத்த மாதிரி கிடந்த ஊர். அங்கே மாசிலாமணி என்பவர் வீட்டு மாடியில், ஒரு தகரத்துக்குக் கீழே அப்பாவுவின் கையால் பிறந்தது அந்த ஸ்டேஷன். முதலில் பாலிகா பஜாரில் பழசாக வாங்கிய ஒரு விசிஆர், வீட்டுக்கு வீடு கொடிக்கயிறு மாதிரி இழுத்த ஒயர். அதில் துணி காயப்போடாத வீடு கிடையாது. மழை நாளில் கதாநாயகியின் முகத்தில் மாசிலாமணியின் லுங்கிக் கட்டம் தெரிந்தது என்று அப்பாவு சத்தியம் செய்வார். அப்புறம் லாஜ்பத்ராய் மார்க்கெட்டில் ஒரு சர்தார்ஜி கையாலேயே செய்து கொடுத்த டப்பா வந்தது. படத்தைக் காற்றில் ஏற்றுகிற டப்பா. ஒரு குண்டு பல்பை எரிக்கக்கூட அதன் பவர் காணாது. அப்பாவு இட்லித் தட்டை மூங்கில் கழியில் கட்டி ஏரியலாக நிறுத்தினார். சிக்னல் கேம்ப்பின் முதல் குடிசையில் தொடங்கி, மேம்பாலத்தின் முதல் தூணில் முட்டி நின்றுவிடும். தூணுக்கு அந்தப் பக்கம் ஒரு புள்ளி தெரியாது. விமானி பார்த்ததாகச் சொல்வதும் இந்த டப்பாவின் படத்தைத்தான்.

வெள்ளிக்கிழமை அம்மன் படம். ஞாயிற்றுக்கிழமை கறுப்பு வெள்ளை. நடுவில் கேம்ப்பில் நடந்த மஞ்சள் நீராட்டு, காதுகுத்து எல்லாவற்றின் வீடியோவும். பிறந்தநாள் வாழ்த்து, சாவுச் செய்தி, காணாமல்போன ஆடு. ஆட்டையும் ஆளையும் ஒரே துக்கத்தோடு மைக்கில் வாசிப்பார் அப்பாவு.

ஆனால் அம்மனையும் தோற்கடித்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. தண்ணி. கல்யாண வீடியோக்காரர் ஒருவர் தூக்கிப்போட்ட கேமராவை அப்பாவு சந்து முனையில் கம்பத்தில் கட்டி, டேங்கர் லாரி வந்து நிற்கும் இடத்தைப் பார்க்கத் திருப்பிவைத்தார். படம் ஓடாத நேரமெல்லாம் கேம்ப் டிவியில் ஓடியது வாளி வரிசைதான். கேம்ப்பில் ஆள் நிற்பதில்லை, வாளி நிற்கும். விடிவதற்கு முன்னால் வாளியை வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். வாளி நின்றால் ஆள் நின்ற மாதிரி. அடுத்தவர் வாளியை யாரும் தொட மாட்டார்கள். மண்டை உடைந்து ரத்தம் கொட்டிய சண்டையில்கூட வரிசை கோணியதில்லை. தன் வாளியையும் சும்மா தொடக் கூடாது. தொட்டால் வந்துவிட்டேன் என்று அர்த்தம், அதற்கப்புறம் தண்ணீர் பிடிக்காமல் நகர முடியாது. ஒரே வீட்டுக்கு இரண்டாவது பாத்திரம் வேண்டுமானால் முதல் வாளிக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கலாம். அதற்கு ஒட்டு என்று பெயர். அப்பாவுவின் பச்சை வாளிக்கு ஒட்டு ராஜாத்தியின் மஞ்சள் குடம். பச்சை வாளியின் வாய் விரிசல்விட்டு, கம்பியால் தையல் போட்டிருக்கும். டிவியில் பார்த்தாலே தெரியும்.

லாரி வந்ததும் அப்பாவு மைக்கில் கூப்பிடுவார்: "நீலக் கேன் மாசிலாமணி அண்ணே, உங்க வாளி முன்னுக்கு வந்துடுச்சு. ஜல்தி வாங்க." சமைத்துக்கொண்டிருந்தவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவார்கள். கேமராவில் தூசி படிந்தால் அப்பாவுவே கம்பத்தில் ஏறிக் கட்டைவிரலால் துடைப்பார். எல்லா வீட்டு டிவியிலும் ஒரு மாபெரும் கட்டைவிரல் தோன்றி உலகத்தையே துடைத்துவிட்டுப் போகும்.

போன கோடையில் கேம்ப்பை இடிக்கப் புல்டோசர் வந்ததும் ஒரு தண்ணி நாள்தான். விடியும் முன்னே வாளிகள் வைத்தாகிவிட்டது. முதலில் மாசிலாமணியின் நீலக் கேன், அடுத்தது பச்சை வாளி, அதன் பின்னே மற்றதெல்லாம். இயந்திரச் சத்தம் கேட்டதும் ஜனங்கள் கட்டிலைத் தூக்கினார்கள், சாமி படத்தைத் தூக்கினார்கள், கேஸ் சிலிண்டரை உருட்டினார்கள். வரிசையில் நின்ற வாளியை எடுக்க வேண்டும் என்று ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. இருக்கிற வீட்டை எடுத்துக்கொண்டு ஓடினவர்கள் இடத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். ராஜாத்தியின் மஞ்சள் குடம் அன்றைக்கு வீட்டில் இருந்ததால் மட்டும், கேம்ப்புக்குப் பதிலாக அரசாங்கம் தந்த இந்த நரேலா வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சமையல் மேடையில், குழாய்க்குப் பக்கத்தில் அதற்கு இடம்.

இப்போது வீட்டிலிருந்த பழைய டிவி மூலையில் இருட்டாகக் கிடந்தது. பிளக் தரையில், பல்லியின் கால் மாதிரி விரிந்து. கேபிள்காரன் இன்னும் இந்தக் கட்டடத்துக்கு வரவில்லை.

"எங்கய்யா வருது?"

"கிட்டப் போயி பாரு."

போனாள். கண்ணாடியில் தன் முகம்தான் முதலில் தெரிந்தது. பிறகு முகத்துக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஏதோ மெதுவாக மேலேறியது, பால் பொங்குவதற்கு முன் ஆடை அசைகிற மாதிரி. ஒரு சந்து. ஒரு கம்பம். நனைந்த தரை. வாளிகள். ஒன்றன்பின் ஒன்றாக, நேராக, பனிக்குள்ளே போய் மறைகிற வரைக்கும் வாளிகள். ஆள் யாரும் இல்லை. முன்னால் நீலக் கேன். அதன் பின்னே கம்பித் தையல் போட்ட வாய்.

எங்கோ வெகு தூரத்தில், கியர் மாற்ற முடியாமல் திணறுகிற ஒரு லாரியின் உறுமல். ரோட்டிலிருந்தா, பெட்டிக்குள்ளிருந்தா, தெரியவில்லை.

ராஜாத்தி கண்ணாடியைத் தொட்ட கையை எடுத்துக்கொண்டாள். கண்ணாடி ஈரமாக இருந்தது.

"நம்புறியா இல்லியா?"

"போய்யா. பழைய டிவி. உள்ள எதாச்சும் மிச்சம் மீதி இருந்திருக்கும்" என்றாள். சொன்ன பிறகும் விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியடியில் எதிர்வீட்டுப் பூங்கோதை பிடித்துக்கொண்டாள். "எங்க வீட்லயும் வருதுக்கா! மூணாம் மாடிலயும் வருதாம். எங்க செகப்பு வாளி நிக்கிது, பாத்ததும் அழுவயே வந்துடுச்சு. மாமா சும்மா சொல்லல, அந்த சேனலுக்குச் சாவே கெடையாது."

"உங்க மாமாவுக்கு ஜால்ரா தட்ட நீ ஒருத்தி போதும்."

"ஏங்க்கா, நீங்க பாக்கலியா?"

"எனக்குக் கண்ணு செரியில்ல."

கட்டடம் முழுக்க ஒருவித சந்தோஷம் பரவியிருந்தது. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து யாரும் யாருடனும் சேர்ந்து எதையும் பார்த்ததில்லை. இப்போது கரண்ட் இருந்தாலும் போனாலும் அந்தி நேரத்தில் ஒவ்வொரு கதவுக்கு அடியிலும் அதே சாம்பல் வெளிச்சம் கசிந்தது. அதே நெடி படிக்கட்டில் ஏறி இறங்கியது. அப்பாவுவின் நெஞ்சு ஒரு பட்டாளமே உள்ளே நுழையும் அளவுக்கு விரிந்திருந்தது. "மிஷினு நசுங்கிடுச்சு. மூங்கில் ஒடிஞ்சிடுச்சு. இட்லித் தட்ட எவனோ எடைக்குப் போட்டுட்டான். ஆனா சேனல் ஓடுது. இந்த மாதிரி அமெரிக்காவுல ஒரு ஸ்டேஷன் காட்டு பாப்போம்!"

அன்றைக்குத்தான் அந்தக் குரல் வந்தது.

ராஜாத்தி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அப்பாவு அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு, வாயில் புகையிலை அடக்கி, உதடுகளை இறுக மூடி உட்கார்ந்திருந்தார். பெட்டியிலிருந்து லாரி உறுமல் முந்தின நாளைவிடக் கிட்டத்தில் கேட்டது. கேட்டு, நின்றது. மைக்கை விரலால் தட்டுகிற சத்தம். தொண்டையைச் செருமுகிற சத்தம். பிறகு:

"நீலக் கேன் மாசிலாமணி அண்ணே, உங்க வாளி முன்னுக்கு வந்துடுச்சு. ஜல்தி வாங்க."

அப்பாவுவின் குரல். அதே இழுவை, அதே 'ஜல்தி'.

ராஜாத்தி எதிரே இருந்த வாயைப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது. அதற்கு மேலே அவருடைய கண்கள் மட்டும் விரிந்து, பளபளத்து, தீபாவளி பார்க்கிற பிள்ளையின் கண்கள் மாதிரி இருந்தன. எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"கேட்டியா? என் குரலு! நான் வாயத் தொறக்கல புள்ள!"

"பழைய கேசட்டு" என்றாள் ராஜாத்தி. கையில் மாவு காய்ந்து இழுத்தது.

கீழ்த்தளத்தில்தான் மாசிலாமணி தனியாகக் குடியிருந்தார். படிக்கட்டின் குழியில் ஒரு தாழ்ப்பாள் விலகியது. ரப்பர்ச் செருப்பு. சளக், சளக். அவசரப்படாத, பழகின நடை, விடியும் முன்னே வாளி வைக்கக் கேம்ப்பில் எல்லோரும் நடக்கிற நடை. ராஜாத்தி ஜன்னலுக்குப் போனாள். கீழே பனி. பனியைத் தவிர வேறொன்றுமில்லை.

காலையில் மாசிலாமணியைக் கட்டடத்தின் பின்னால், காய்ந்த தரையில் கண்டார்கள். குந்தி உட்கார்ந்திருந்தார், குழாயடியில் முறைக்குக் காத்திருப்பவர் மாதிரி, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி. ஸ்வெட்டரின் கைகள் முழங்கைவரை நனைந்து, கறுத்து, நாலா நெடி அடித்தன. சுற்றிலும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. உயிர் எப்போதோ போயிருந்தது.

"குளிரு. வயசான ஆளு. ஏற்கெனவே நெஞ்சு வலி" என்றாள் ராஜாத்தி, கேட்டவர்களுக்கெல்லாம். கேட்காதவர்களுக்கும் சொன்னாள். வேலைக்குப் போகிற பஸ்ஸில், பக்கத்துச் சீட்டில் தூங்கிய யாரோ ஒரு பீகாரிப் பெண்ணிடமும் தமிழிலேயே சொன்னாள்.

அன்று சாயங்காலம் பெட்டியில் நீலக் கேன் இல்லை. வரிசையின் தலையில் கம்பித் தையல் போட்ட வாய் நின்றது.

அப்பாவு அதைப் பார்த்தார். கண்ணாடிமேல் விரலை வைத்து அந்தத் தையலைத் தடவினார்.

"அடுத்தது நாமதான் புள்ள" என்றார். லேசாக.

"நாமன்னு என்னியச் சேக்காத. வாளிய வெச்சது நீ."

"ஆமா. நான்தான் வெச்சேன்."

"கூப்ட்டா போவியா?"

சிரித்தார். "என் குரலு கூப்பிடுது, நான் எப்பிடி மாட்டேன்னு சொல்றது? ஊருக்கே சொல்லிட்டிருந்தவன், என் வாளிக்கு வரலன்னா கேம்ப்புல என்னா சொல்லுவாங்க?"

கேம்ப் எங்கே இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் டிவியைக் காட்டுவார். அன்று ராத்திரி முழுக்க அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தாள். எலும்பும் நரம்புமாக, சூடாக, துடிப்போடு இருந்தது. அதை யாருக்கும் கொடுப்பதாக அவளுக்கு உத்தேசம் இல்லை. புளுகு மூட்டையோ என்னவோ, அவள் மூட்டை.

விடிந்ததும் வீட்டுக்கு வெளியே பூட்டுப் போட்டாள். அப்பாவு உள்ளேயிருந்து கத்தினார்: "சிங்கத்தக் கூண்டுல போட்டாச்சு! டிக்கெட்டு போட்டு உள்ள விடு!" படி இறங்கும்வரை அவர் சிரிப்பது கேட்டது. சாவியை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

கோட்டிகளில் வேலை முடிந்ததும் பஸ் ஸ்டாப்புக்குப் போகவில்லை. ஜங்புராவிலிருந்து கேம்ப் இருந்த இடம் நடக்கிற தூரம். நம்பிக்கை வந்து போகவில்லை, வழியில் இருக்கிறது, ஒரு பார்வை பார்த்தால் என்ன குறைந்துவிடும், அவ்வளவுதான். வாளி என்று ஒன்று அங்கே கிடந்தால் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். வரிசையில் வாளி இல்லாவிட்டால் கூப்பிட ஆளும் இல்லை. இப்படித் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, தகர வேலியில் நாய்கள் நுழைகிற ஒரு கிழிசல் வழியாக உள்ளே போனாள்.

ஒன்றும் இல்லை. செங்கல் தூள், கண்ணாடிச் சில், ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. முட்செடி முளைக்கத் தொடங்கியிருந்தது. வெயில் பழைய பித்தளை மாதிரி மங்கிக் கிடந்தது. நாலா, அதற்கென்ன, அது பாட்டுக்கு ஓடியது. கம்பம் இல்லை. சந்து இல்லை. வாளி இல்லை.

பார், புளுகுதான், என்று மூச்சை விட்டாள். திரும்பும்போது கால் வழுக்கியது.

சந்து முனை இருந்த இடத்தில் தரை ஈரமாக இருந்தது. பல மாதமாக மழை இல்லை. ஈரத்தில் வட்டங்கள். வாளியின் அடிப்பாகம் பதிகிற வட்டங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, நேராக, தண்டவாளத்தை நோக்கி. புதுசு. விளிம்பில் மண் இன்னும் சரியவில்லை. முன்னாலிருந்த வட்டத்தின் ஓர் ஓரத்தில் சின்னப் பள்ளம். பச்சை வாளியின் அடியில் அந்த இடத்தில் ஒரு சொட்டை உண்டு. அவள் கையால் விழுந்த சொட்டை.

யோசிக்கவில்லை. யோசிக்கத் தெம்பில்லை. செருப்புக் காலால் அந்த வட்டத்தைத் தேய்த்தாள். தேய்த்தாள், தேய்த்தாள், அது போகவில்லை, குனிந்து உள்ளங்கையால் அழித்தாள். மண் ஐஸ் மாதிரி இருந்தது. வட்டம் கலைந்தது. போயிற்று. கையை உதறிக்கொண்டு வேலிக்கு ஓடினாள்.

பஸ்ஸில் உட்கார்ந்து, கண்ணாடியில் தலை சாய்த்து, கண் சொருகும் நேரத்தில்தான் அவளுக்கு உறைத்தது. தன் வாளியைச் சும்மா தொடக் கூடாது. தொட்டால் வந்துவிட்டேன் என்று அர்த்தம்.

பச்சை வாளி வீட்டு ஆள் வந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

பஸ் ஊர்ந்தது. பனி இறங்கி, முன்னால் போன வண்டியின் சிவப்பு விளக்குகூடத் தெரியவில்லை. "பையா, ஜல்தி" என்றாள் கண்டக்டரிடம். "அம்மாஜி, இறங்கித் தள்றீங்களா?" என்றான் அவன் இந்தியில். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

குடியிருப்புக்கு வந்தபோது அந்தி. கரண்ட் இல்லை. ஆனால் கட்டடத்தில் வெளிச்சம் இருந்தது. எல்லா ஜன்னலிலும். சாம்பல் நிறத்தில்.

முதல் மாடி. மூடின கதவுக்குப் பின்னால் மைக்கைத் தட்டுகிற சத்தம்.

இரண்டாவது மாடி. செருமல். முழங்கால் மடங்க மறுத்தது. கையால் தூக்கி வைத்தாள்.

மூன்றாவது மாடி. இந்தப் பக்கக் கதவிலிருந்தும் அந்தப் பக்கக் கதவிலிருந்தும் ஒரே நேரத்தில், ஒரே குரல், அவள் புருஷனின் குரல்:

"பச்ச வாளி அப்பாவு. உங்க வாளி முன்னுக்கு வந்துடுச்சு. ஜல்தி வாங்க."

"போவாதய்யா!" என்று கத்தினாள்.

"பச்ச வாளி அப்பாவு. ஆள் வந்தாச்சா? வந்தாச்சு, வந்தாச்சு."

மிச்சப் படிகளைத் தவழ்ந்து ஏறினாள்.

பூட்டு, பூட்டியபடியே தொங்கியது. அப்பாடா. சாவியை எடுத்தாள். நுழையவில்லை. நுழைந்தது. கதவைத் தள்ளினாள்.

"யோவ்."

போர்வை குவிந்து கிடந்தது. கை வைத்தாள். சூடு.

"யோவ். வெளையாடாத."

கட்டிலுக்கு அடியில் இல்லை. கழிவறையில் இல்லை. ஜன்னல் கம்பி கம்பியாகவே இருந்தது. செருப்பு வாசலில் ஜோடியாக இருந்தது. நெடி மட்டும், மூச்சு முட்ட.

மூலையில் பெட்டி ஓடியது. படம் மங்கல். தூசியோ பனியோ, ஒன்றும் தெரியவில்லை. ராஜாத்தி அதன் முன்னால் உட்கார்ந்தாள்.

ஒரு கட்டைவிரல் வந்தது.

மாபெரும் கட்டைவிரல். பெட்டி நிறைய. ரேகைகளில் அழுக்கு, நகத்தில் புகையிலைக் கறை. இடமிருந்து வலமாக, பொறுமையாகத் துடைத்தது. கண்ணாடியின் உள்பக்கத்திலிருந்து ஒரு கோடு தண்ணீர் வழிந்து, சட்டத்தின் விளிம்பில் தேங்கி, தரையில் சொட்டியது.

படம் தெளிந்தது.

சந்து. கம்பம். வரிசை. வரிசையின் ஓரத்தில், முழங்கைவரை நனைந்த ஸ்வெட்டரோடு, குந்தி உட்கார்ந்து, கைகளை நீட்டி, மாசிலாமணி. தலையைத் தூக்கவில்லை. அவர் பக்கத்தில் அப்பாவு. வெறுங்கால். காலடியில் பச்சை வாளி. விளிம்புவரை எதுவோ நிரம்பித் தளும்பியது. தண்ணீரின் நிறத்தில் இல்லை.

அப்பாவு நேராக அவளைப் பார்த்தார். சிரித்தார். விமானத்தைப் பற்றிச் சொல்லி முடித்தபின் சிரிக்கிற சிரிப்பு. வாய் மூடியே இருந்தது. குரல் வந்தது.

"நம்புறியா இல்லியா?"

ராஜாத்தி கண்ணாடிக்கு இன்னும் கிட்டக் குனிந்தாள்.

அவர் ஒரு எட்டு நகர்ந்து நின்றார், மறைத்துக்கொண்டிருந்ததைக் காட்டுவதற்காக. பச்சை வாளிக்குப் பக்கத்தில், ஒட்டி, பாசமாக, எப்போதும் வைக்கிற மாதிரியே வைத்திருந்தார்.

மஞ்சள் குடம்.

அவள் மெதுவாகத் தலையைத் திருப்பினாள். சமையல் மேடை. குழாய். குழாய்க்குப் பக்கத்தில் ஒரு ஈர வட்டம்.

லாரியின் உறுமல். ரொம்பக் கிட்டத்தில். பெட்டியிலா? கீழேயா? படிக்கட்டிலா?

மைக்கைத் தட்டுகிற சத்தம். செருமல்.

"மஞ்சக் கொடம் ராஜாத்தி."

அவளுடைய வலது கை அரித்தது. பார்த்தாள். கேம்ப் மண்ணை அழித்த உள்ளங்கை. மணிக்கட்டிலிருந்து முழங்கையை நோக்கி, சொட்டுச் சொட்டாக, ஈரம் ஏறிக்கொண்டிருந்தது.

"ஆமாய்யா" என்றாள் ராஜாத்தி, கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல் தடவையாக. "நெசந்தான். வருது."